முத்திரை குத்திய கடிதமும் மூன்று முறை ஈப்போவும்

என் மகனுக்கு ஒன்பது வயது. அவனைப் பெற்றவர், என் முதல் கணவர், மாதம் 300 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுக்க வேண்டும் என்று விவாகரத்தின்போதே உத்தரவு. நாலு மாதம் பணம் வந்தது. அப்புறம் அவருடைய போன் நம்பர்தான் மாறிக்கொண்டே இருந்தது. நான் மறுமணம் செய்து இரண்டு வருடம் கழித்து, போன தீபாவளி சமயம் அவரே கூப்பிட்டார். "பையனை ஒன் வீட்டுக்காரரே வெச்சிக்கட்டும். நான் எழுதிக் குடுத்துர்றேன். இனிமே காசு கீசுன்னு ஆள் அனுப்பாதே."

கசப்பாக இருந்தாலும், சரி, தொல்லை விட்டது என்றிருந்தேன்.

சுங்கை சிப்புட் கடைத்தெருவில் மனு டைப் செய்து தருபவர் ஒருவரிடம் போனோம். 'தந்தை உரிமையையும் பராமரிப்புப் பணப் பொறுப்பையும் விட்டுக்கொடுக்கிறேன்' என்று மலாயில் ஒரு பக்கம். சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்து, பெரிய முத்திரை. 80 வெள்ளி. அதை எடுத்துக்கொண்டு, அரைநாள் சம்பளத்தை விட்டு, சூராட் பெரானாக்கில், அதாவது பிறப்புச் சான்றிதழில், அப்பா பெயரை மாற்றப் போனேன். முகப்பில் இருந்தவர் முதல் வரியோடு நிறுத்திவிட்டார். கோர்ட் ஆர்டர் வேண்டுமாம். எந்தக் கோர்ட், என்ன ஆர்டர் என்று கேட்பதற்குள் அடுத்த நம்பரை அழுத்திவிட்டார்.

இரண்டு மாதம் வீண். அப்புறம்தான் ஈப்போவில் லாயர்.

அவர் கடிதத்தைப் பார்த்துச் சிரித்தார். பராமரிப்புப் பணம் பிள்ளைக்கு உரியது. அப்பாவும் அம்மாவும் பேசி வைத்து அதைத் தள்ளுபடி செய்ய முடியாது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976 திருமணச் சட்டப்படி 18 வயது வரை அந்தப் பொறுப்பு உண்டு, மேற்படிப்பு என்றால் அது முடியும் வரை. பெற்றவரின் பொறுப்பு சட்டப்படி விலக வேண்டுமானால், 1952 தத்தெடுப்புச் சட்டத்தின் கீழ் நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து மனுப் போட்டு, நீதிமன்றம் ஆணை தர வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார், யாரும் முன்னால் சொல்லாதது. ஆணை வந்துவிட்டால், பெற்றவர் உயில் எழுதாமல் இறந்தால் பையனுக்கு அவர் சொத்தில் பங்கில்லை. அதே சமயம் என் வீட்டுக்காரருக்கு அவன் சொந்தப் பிள்ளை மாதிரிதான். இரண்டு ராத்திரி யோசித்தேன். பெற்றவரிடம் சொத்து என்று சொல்ல ஒரு பழைய மோட்டார் சைக்கிள்.

இரண்டாவது முறை ஈப்போ போனதும் வீண். சூராட் பெரானாக்கில் பெற்றவர் பெயரில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்தது, ஐசியில் (அடையாள அட்டையில்) இல்லை. இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று அவர் சத்தியக் கூற்று கொடுக்க வேண்டும். போன் எடுக்கவில்லை. கடைசியில் லாயர் அவருக்கு ஒரு கடிதம் போட்டார்: பணம் கட்டாமல் தொடர்ந்து புறக்கணித்தவரின் சம்மதம் இல்லாமலே நீதிமன்றம் ஆணை தரலாம், பழைய பாக்கியும் கழியாது. நாலாம் நாள் பெற்றவர் வாசலில் நின்றார். ஐசியோடு!

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் வெல்ஃபேருக்கு (சமூக நல இலாகாவுக்கு) எழுத்தில் அறிவிப்பதை முதல் நாளே செய்யுங்கள். ஆணைக்குக் குறைந்தது 3 மாதம் முன்பே அது போயிருக்க வேண்டும். நான் கடிதத்தை நம்பி உட்கார்ந்திருந்த நேரத்திலேயே பாதி ஓடியிருக்கும். பெயர்களையும் எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள்.

வெல்ஃபேர் அதிகாரி வீட்டுக்கு வந்து, "அப்பா எங்கே?" என்று பையனைக் கேட்டார். "எந்த அப்பா?" என்றான். எனக்கு வியர்த்துவிட்டது. அவர் சிரித்தபடி ஏதோ எழுதிக்கொண்டார்.

மூன்றாவது முறை போனபோது விசாரணை பத்தே நிமிடம். புதிய சான்றிதழும் வந்துவிட்டது.

பாக்கிக்கு இன்னும் வழக்குப் போடவில்லை. மூன்று வருடத்துக்கு முந்தியதைக் கேட்க முடியாது என்கிறார் லாயர். கணக்கை நோட்டில் மாதவாரியாக எழுதி வைத்திருக்கிறேன்.