என் போட்டு, என் டீசல்

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் நடந்தபோது ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கம் ஒரு மீனவக் கிராமத்தில் செவிலியராக இருந்தேன். 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுப் பிள்ளைகள் வரை எல்லாருக்கும் ஊசி. எங்களுக்கு முன்னால் வாட்ஸ்அப் வதந்தி ஊருக்குள் போய்விட்டது.

நாட்டுப்படகு வைத்திருந்த ஓர் அண்ணன், பத்து மாதப் பெண்ணைத் தரவே மாட்டேன் என்றார். "எம் புள்ள, எனக்குத் தெரியும் நர்ஸம்மா." சாயங்காலத்துக்குள் எண்ணிக்கை கொடுக்கிற அவசரத்தில், "ஊசி போடலைன்னா ரேஷன் கார்டுல பேரு ஏறாது" என்று ஒரு பொய்யைச் சொன்னேன். மறுநாளே விசாரித்துவிட்டார். அப்புறம் போலியோ சொட்டுக்குக்கூட அந்தக் கதவு திறக்கவில்லை.

அரசியல் படித்த என் தம்பி சிரித்தான். "அக்கா, அவர் சுதந்திரவாதி. என் உடம்பில் அரசு கை வைக்கக் கூடாது என்கிற கட்சி." ஆனால் அடுத்தவருக்குத் தீங்கு வராமல் தடுக்க ஒருவரைக் கட்டுப்படுத்தலாம் என்று 1859-லேயே ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதிவிட்டார். ஊசி போடாமல் இருப்பது தீங்கா, வெறும் அபாயமா? சுதந்திரவாதிகளே பிரிவது இங்கேதான். பிள்ளையின் உடம்பு அப்பாவுடையதா என்பது இன்னும் சிக்கல்.

பதில் கடற்கரையில் கிடைத்தது. விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் கடலுக்குப் போக இங்கே தனித்தனி நாள் உண்டு. ஒருநாள் அறுந்த வலையோடு அவர் உட்கார்ந்திருந்தார். "விசைப்படகுக்காரன் முறை தப்பி வந்து அறுத்துட்டான். கேட்டா என் போட்டு, என் டீசல்ங்கிறான்."

பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு ஆறு மாதம், ஊசி போடும் வயது இல்லை, ஒருவருக்கு வந்த தட்டம்மை தடுப்பாற்றல் இல்லாத 12 முதல் 18 பேருக்குத் தொற்றும் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. வலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த புதன்கிழமை பிள்ளையைத் தூக்கி வந்தார்.

அமெரிக்காவில் 1905-இல் பெரியம்மை ஊசிக்கு மறுத்த ஜேக்கப்சனுக்கு விதித்த 5 டாலர் அபராதத்தை நீதிமன்றம் சரி என்றது. 2022 மே மாதம் கொரோனா வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, பொதுநலனுக்காக அளவான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றது. அபராதமாவது ஊரறிந்த சட்டம். என் பொய் அதுகூட இல்லை.

அவரிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கே பார்த்தாலும் அவர்தான் முந்திக்கொள்வார்: "நர்ஸம்மா, கார்டுல பேரு ஏறிருச்சு!"