தேன்கூட்டு அறைகள் சந்திக்கும் கோடு: ஒரு ப்ராஜெக்ட் அனுபவம்

சேலத்தில் எம்.இ. படித்தபோது நான் எடுத்த ப்ராஜெக்ட் இயந்திரவியல் மெட்டாமெட்டீரியல் பற்றியது. மூலப்பொருளைவிட உள்ளே இருக்கும் நுண்கட்டமைப்பின் வடிவத்தால் குணம் பெறுபவை இவை. அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்காமல் ஒடுங்கும் நுரையை 1987இல் ரோடெரிக் லேக்ஸ் செய்து காட்டினார். அப்படி ஒடுங்கும் உள்மடிந்த அறைகளையும், விரியும் அறுகோண அறைகளையும் அலகுகளாகக் கொண்டு ஒரே பலகையை அமைப்பது என் திட்டம்.

கணினியைத் திறக்குமுன் கைக்கணக்கைப் போட்டுவிடுங்கள். அறையின் சாய்சுவரின் நீளம் 1, நெட்டுச்சுவர் 1, கிடைமட்டத்திலிருந்து சாய்வு 30 பாகை என்றால், நெட்டுச்சுவரின் திசையில் அழுத்தும்போது பாய்சான் விகிதம் (அழுத்தும் திசையில் குறுகுவதற்கு எத்தனை பங்கு பக்கவாட்டில் விரிகிறது என்ற எண்; ஒடுங்கினால் எதிர்க்குறி) 1 என வரும்; நெட்டுச்சுவரை 2 ஆக்கி, சாய்வை உள்நோக்கி 30 பாகை திருப்பினால் −1. இரண்டும் ஒரே உயர அகலத்தில் அடங்குவதால் கச்சிதமாகப் பொருந்தும் என்று நம்பினேன். நான் ஏமாந்தது அங்கேதான்.

முதல் ரிவியூவில் தேர்வாளர் இரு அலகுகளும் சந்திக்கும் கோட்டில் பேனா முனையை வைத்து, "மேலே ஒடுங்குகிறது, கீழே விரிகிறது. இந்தக் கோடு எந்தப் பக்கம் போகும், தம்பி?" என்றார். என்னிடம் பதில் இல்லை. முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்ட மாதிரியும் பின்னர் அதே கோட்டில்தான் விரிசல் கண்டது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்யும் வீட்டில் பிறந்து, அறுந்து திரும்பும் கொலுசில் அப்பா முதலில் பற்றவைத்த இடத்தையே பார்ப்பதைக் கண்டு வளர்ந்தவனுக்கு இது தோன்றாமல் போனது வெட்கமே.

ஓர் அலகை மட்டும் எடுத்து, எல்லைகளில் அது திரும்பத் திரும்ப வருவதாகக் கொண்டு கணக்கிடும்போது, அண்டை அலகும் அதுவேதான் என்று நாம் ஒப்புக்கொள்கிறோம். அண்டை மாறினால் அந்த எண் அப்படியே செல்லாது. ஆகவே இரண்டும் சேர்ந்த துண்டைத் தனியே கணக்கிடுங்கள். நான் அகலத்தையும் உயரத்தையும் மாற்றாமல், சாய்வை −30இலிருந்து 0 வழியாக 30 பாகைக்கு வரிசை வரிசையாக நகர்த்தினேன். சாய்வு 0 ஆகும் வரிசையில் விகிதமும் 0 என்பதால், அது ஒடுங்கவுமில்லை, விரியவுமில்லை.

அச்சிடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. சுவரின் வளைவிறுக்கம், அதாவது வளைவதை எதிர்க்கும் திறன், தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது, 0.8 மி.மீ. என வரைந்த சுவர் 0.4 மி.மீ. நாசிலில் (உருகிய பிளாஸ்டிக் இழையாக வெளிவரும் முனை) ஒற்றை இழையாக இறங்கிவிட்டால் எட்டில் ஒரு பங்கே மிஞ்சும். வரைபடத்தை அச்சு அடுக்குகளாகப் பிரிக்கும் மென்பொருளான ஸ்லைசரின் முன்னோட்டத்தில் ஒவ்வொரு சுவரிலும் இரண்டு இழைகள் ஓடுகின்றனவா என்று எண்ணிப் பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.