சுவர் ஈரமும் அட்வான்ஸ் காசும்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் வாடகை வீட்டைக் காலி செய்யும்போது வரும் சண்டை பெரும்பாலும் சுவரைப் பற்றியதுதான். "பெயின்ட் அடிச்சுத் தந்த வீட்டைப் பூஞ்சணம் பிடிக்க வச்சிட்டீங்க" என்று வீட்டுக்காரர் அட்வான்ஸில் கழிப்பார். "வந்த நாள்லயிருந்தே ஈரம்தான்" என்பார் குடியிருந்தவர். இரண்டு பேர் கையிலும் சான்று இருக்காது.

ஈரம் இரண்டு வகை. ஒன்று வெளியிலிருந்து சுவருக்குள் ஊறி வருவது. சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்சுவரில் இது சர்வசாதாரணம்: வெளியே மண் உள்தரையைவிட உயர்ந்திருக்கும், அல்லது பின்பக்கக் கான் (வடிகால்) மண்ணும் இலையுமாக அடைந்து கிடக்கும். மற்றது அறைக்குள்ளேயே உண்டாவது. சமையல் ஆவி, சுடுதண்ணிக் குளியல், மழை நாளில் உள்ளே காயப்போட்ட துணி எல்லாம் சேர்ந்து, ஜன்னல் சாத்தியே கிடந்தால், குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராகும். முதலாவது வீட்டுக்காரர் பொறுப்பு. இரண்டாவது குடியிருப்பவரின் பழக்கம் (காற்றுப் போக வழியே வைக்காமல் கட்டியிருந்தால் அதுவும் வீட்டுக்காரர் தலையில்தான்).

எது என்று கண்டுபிடிக்க ஓரடிச் சதுரப் பொலித்தீன் துண்டும் அகல டேப்பும் போதும். சுவரைத் துடைத்து, மேற்பரப்பு காய்ந்ததும், நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவரைப் பார்த்த பக்கத்தில் துளி நின்றால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் அது அறை ஆவி. இரண்டு பக்கமும் நனைந்தால், செலவையும் இரண்டு பேரும் பேசித்தான் பிரிக்க வேண்டும். அடிச்சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்துப் பெயின்ட் கொப்பளித்திருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம், அது ஊறி வந்த ஈரம்.

அப்படி ஊறிய சுவர் மேல் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிப்பது வீண் செலவு. உள்ளே தண்ணீர் நிற்கிறது, அடுத்த மழைக்கே தோல் தோலாக உரியும். கானை உள்தரைக்கு ஆறு அங்குலமாவது கீழே இறக்கி, தண்ணீர் ஓடச் சாய்வு கொடுத்து, சுவரை ஒரு வெயில் காலம் காயவிட்டு, பிறகுதான் பெயின்ட். கானைத் துப்புரவாக்குவதை ஹட்டன் பக்கம் மே மாதத்துக்கு முன்பும், பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபருக்கு முன்பும் முடித்துவிட வேண்டும். அப்போதே பின்னால் மண்ணைத் தாங்கி நிற்கும் சுவரின் தண்ணீர்த் துளைகளையும் கம்பியால் குத்திவிடுங்கள். அவை அடைத்தால் சுவர் வயிறு தள்ளும். ஏற்கெனவே தள்ளியிருந்தால் அது வாடகை விவகாரமே இல்லை, மண்சரிவு அபாயம் பார்க்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்க வேண்டியது.

அடுத்த தலைவலி கரண்ட் பில். மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம், மீட்டர் ஒன்று. வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே கூடிய விலை. தலா 50 எரிக்கும் இரண்டு வீடும் ஒரே மீட்டரில் 100 ஆகி, இரண்டுமே கூடக் கட்டும். தனி மீட்டர் எடுப்பதுதான் சரி. முடியாவிட்டால் சப் மீட்டர் போட்டு, மொத்த பில்லையும் நிலையான கட்டணத்தோடு சேர்த்து யூனிட் விகிதத்தில் பிரியுங்கள். வீட்டுக்காரர் வாயால் சொல்லும் "யூனிட்டுக்கு இவ்வளவு" வேண்டாம்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வாடகைக் குத்தகையை நொத்தாரிசு முன் எழுத வேண்டும் என்கிறது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். ஃபோர்ம் வாங்கி இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால் போதாது. பத்திரம் சிங்களத்தில் இருந்தால், தமிழில் வரிக்கு வரி சொல்லச் சொல்லிக் கேட்டபிறகு கையெழுத்துப் போடுங்கள்.

சாவி கை மாறும் நாளில் மீட்டர் காட்டும் யூனிட் இலக்கம், சாவி எண்ணிக்கை, ஒவ்வொரு சுவரின் படம், திகதி எல்லாவற்றையும் இருவரும் ஒப்பமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கும்போது அலுமாரியை நகர்த்தி அதன் பின்சுவரையும் எடுங்கள். பூஞ்சணம் முதலில் பிடிப்பது அங்கேதான்.