சத்தம் காணும், சொல்லு விளங்கேல்லை

எங்கள் பழைய 32 அங்குல ரிவி போன ஆவணியில் கண்ணை மூடியது. 2022 இல் இலங்கையில் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்தக் கூத்தையெல்லாம் தாங்கிய பெட்டி அது. கடைசியில் மின்வெட்டும் இடியும் இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, செய்தி போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு கோடு விழுந்து அப்படியே இருண்டுவிட்டது. ரொறன்ரோவில் இருக்கும் தம்பி காசு அனுப்பினான். மகன் 55 அங்குலத்துக்குக் குறைந்து வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றான். வாங்கிச் சுவரில் கொழுவியாயிற்று.

படம் என்றால் படம். கிரிக்கெட் பார்த்தால் பந்தின் தையல் தெரிகிறது. அம்மா இரண்டு நாள் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் இரவு ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"சத்தம் காணும் பிள்ளை. சொல்லுத்தான் விளங்கேல்லை."

திரையைப் பார்த்தேன். வொலியூம் 42.

காதைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். அம்மாவுக்கு 74 வயது. காது பார்க்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வயதுக்குரிய குறைதான், மெஷின் போடுகிற அளவுக்கு இல்லை என்றார்கள். ஆனால் அங்கே காட்டிய வரைபடத்தில் ஒரு விஷயம் பிடிபட்டது. தாழ்ந்த சுருதிகளில் அம்மாவின் கோடு நேராக ஓடுகிறது. உயரப் போகப் போகச் சரிகிறது. வயது போனால் காது மேல் பக்கத்தில் இருந்துதான் குறையத் தொடங்குமாம். உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த பக்கத்தில் இருப்பதால் அவை கேட்கும். மெய்யெழுத்துகளின் சின்னச் சின்ன வெடிப்பும் உரசலும் பெரும்பாலும் 2000 ஹேர்ட்ஸுக்கு மேலே. கடை, சடை, தடை, படை என்று சொல்லிப் பாருங்கள். முதல் மெய் நழுவினால் நாலும் ஒரே "அடை". ஆள் கதைப்பது கேட்கும், என்ன கதைக்கிறார் என்பது கேட்காது. அம்மா சொன்னது அச்சொட்டாக அதைத்தான்.

சரி, அப்படியென்றால் பழைய ரிவியில் எப்படி விளங்கியது? காது ஒரு கிழமையில் மாறவில்லையே. கழற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளியிருந்ததை இழுத்துப் பார்த்தேன். திரைக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓட்டை ஓட்டையாக ஸ்பீக்கர், எங்களைப் பார்த்தபடி. புதியதில் முன்பக்கம் முழுக்கத் திரை. ஸ்பீக்கர் அடியில் ஒளிந்துகொண்டு நிலத்தைப் பார்க்கிறது. குரல் கீழே இறங்கி, மாபிளில் பட்டு, எதிர்ச் சுவரில் பட்டு, கடல் பக்கக் கண்ணாடிக் கதவிலும் பட்டுத்தான் அம்மாவின் கதிரைக்கு வந்து சேர்கிறது. அழகான ஆள்தான், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கதைக்கிற ஆள்.

அம்மாவை ஒப்பிடச் சொன்னால் நேரே ரேடியோவுக்குப் போய்விடுவார். சாவகச்சேரி வீட்டு விறாந்தையில் இருந்த மரப்பெட்டி ரேடியோ. ஒரேயொரு ஸ்பீக்கர், துணி போர்த்தது, முகத்துக்கு நேரே. கொழும்பில் இருந்து அறிவிப்பாளர் கதைத்தால் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிறவர்களுக்கும் ஒரு சொல் தப்பாதாம். பழங்காலத்து ஏக்கம் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். யோசித்தால் அதில் பௌதீகம் இருக்கிறது. பழைய வீட்டுத் தொலைபேசி 300 இலிருந்து 3400 ஹேர்ட்ஸ் வரைதான் கடத்தும். அதை வைத்துக்கொண்டே எங்கள் சனம் கலியாணமும் காணியும் பேசி முடித்தது. பேச்சு விளங்குவதற்கு அகலமான சத்தம் தேவையில்லை. நேராக வரவேண்டும், மேலே வேறொன்றும் ஏறி உட்காரக்கூடாது.

இதெல்லாம் எனக்குப் பிறகு வந்த ஞானம். முதலில் நான் செய்தது முழு மடைவேலை.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடை. 2.1 ஹோம் தியேட்டர், இரண்டு சின்னப் பெட்டி, நீல வெளிச்சத்தோடு தாழ்ந்த சத்தத்துக்கென்று ஒரு சப் வூஃபர், அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் 5000 வாட்ஸ். "அக்கா, வீடே அதிரும்" என்றான் கடைப் பெடியன். அவன் பொய் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பின்பக்க ஸ்டிக்கரைப் பார்த்தேன். சுவரில் இருந்து எடுக்கிற மின்சாரமே 60 வாட்ஸ். 60 ஐ வாங்கி 5000 ஐத் திருப்பிக் கொடுக்கிற மெஷின் இருந்தால் மின்சார சபையை இழுத்து மூடிவிடலாம். அந்த 5000, பி.எம்.பி.ஓ. என்கிற விளம்பரக் கணக்கு. ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கிற எண்தான் தொடர்ந்து தரக்கூடிய வலு. அதுவும் இரட்டிப்பானால் சத்தம் இரட்டிப்பாகாது. 3 டெசிபெல்தான் கூடும். காதுக்குக் கொஞ்சம் கூடினது போல இருக்கும், அவ்வளவே.

அன்றிரவு சீரியலில் மாமியார் கதவைச் சாத்தினார். எங்கள் வீட்டுக் கிளாஸ் அலுமாரி குலுங்கியது. சாத்துவதற்கு முன் அவர் மருமகளுக்கு என்ன சொன்னார் என்பது மட்டும் அம்மாவுக்கு விளங்கவில்லை.

ஒன்பதரை மணிக்குக் கீழ் மாடி ஐயா ஏறி வந்தார். ஓய்வுபெற்ற சிங்களவர், மரியாதையான மனுசன். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. "உங்கட சீரியல் எனக்கும் நல்லாக் கேட்குது மகள், பாஷைதான் தெரியாது" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தபோது நிலம் பிளந்தால் போய்விடலாம் போல இருந்தது. தாழ்ந்த சத்தம் கொங்கிறீட் தட்டுக்குள்ளால் இறங்கிவிடும், குரல் பெரும்பாலும் மேலேயே நின்றுவிடும். அவருக்குப் போனது வெறும் தும் தும். யோசித்துப் பார்த்தால் அம்மாவுக்கு வந்ததும் அதேதான்.

கடையில் மாற்றித் தரமாட்டோம் என்றார்கள். ஒன்றரை மாதம் கழித்து மகனின் கூட்டாளி பாதி விலைக்கு எடுத்துக்கொண்டு போனான். அவன் வீட்டு அயலவரை நினைத்துத்தான் இப்போது கவலை.

அப்புறம் தம்பி வட்ஸ்அப்பில் வகுப்பெடுக்கத் தொடங்கினான். ரிசீவர், ஐந்து ஸ்பீக்கர், நல்ல வயர். "ஒழுங்கா ஒருக்காச் செய் அக்கா." அவனுக்கென்ன, நிலக்கீழ் அறை முழுக்க அவனுடையது. வெள்ளவத்தையில் எங்கள் ஹோல் 11 அடிக்கு 14 அடி. பின் ஸ்பீக்கர் வரவேண்டிய இடத்தில் ஃப்ரிட்ஜ் நிற்கிறது. மகனின் கனவு டொல்பி அட்மோஸ், தலைக்கு மேலே இருந்தும் சத்தம் வருகிற முறை. சில சவுண்ட் பார்களில், அதாவது ரிவிக்குக் கீழே வைக்கிற நீட்டு ஸ்பீக்கர்ப் பெட்டிகளில், அதற்கென்று மேலே பார்க்கிற ஸ்பீக்கர்கள் இருக்கும், அவற்றின் சத்தம் கூரைத் தட்டில் பட்டுத் தெறித்து வரவேண்டும். அதற்குத் தட்டையான, வெறுமையான தட்டு வேண்டும். எங்கள் தட்டில் குறுக்கே ஒரு பீம், அதற்குப் பக்கத்தில் இருபத்து நாலு மணித்தியாலமும் சுற்றுகிற ஃபேன். மழைச் சத்தம் மேலே இருந்து வருவதற்கு முன் ஃபேன் சத்தம் வந்துவிடும்.

ஆனால் தம்பி சொன்னதில் ஒன்று உருப்படியானது. "படத்தில கதைக்கிறது கூடுதலா நடு ஸ்பீக்கரிலதான் வரும். அது ஒண்டு தனியா இருந்தாக் காணும்." உண்மைதான். 5.1 இல், அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்புக்கும் என்று, கலந்த படத்தில் பேச்சுக்கு நடுவில் தனி இடம் கொடுத்திருப்பார்கள். ரிவியிலோ 2.1 இலோ இருப்பது இடமும் வலமும் மட்டும். ஆகவே நடுச் சத்தத்தைப் பிரித்து இரண்டு பக்கமும் போட்டு, வயலினோடும் வெடியோடும் கலந்துவிடுவார்கள். சன நெரிசலில் முதலில் நசுங்குவது குரல். 3.1 என்றால் இடம், வலம், நடு, ஒரு சப். எனக்கு வேண்டியது அந்த 3. கூட வருகிற .1 ஐப் பற்றிக் கீழ் மாடி ஐயாவைக் கேட்கலாம்.

இந்த முறை அம்மாவையும் கூட்டிக்கொண்டு பம்பலப்பிட்டிக்குப் போனேன். காலி வீதியோரக் கடை, சனிக்கிழமை காலை, கூட்டம் வருவதற்கு முன். விற்பனைப் பெடியன் எங்களை உட்காரவைத்து ஒரு டெமோ போட்டான். ஹெலிகொப்டர், மழை, கண்ணாடி உடைவு. மகன் வாயைப் பிளந்தான். அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முடியும்வரை பொறுமையாக இருந்தார்.

"தம்பி, இனிச் செய்தியைப் போடுங்கோ."

பெடியன் என்னைப் பார்த்தான். தமிழ்ச் செய்தி என்று நான் யூடியூப்பில் எடுத்துக் கொடுத்தேன். அம்மா கைப்பையில் இருந்து ஒரு பழைய பில்லையும் பேனையையும் எடுத்தார். முப்பது வருடம் தமிழ் படிப்பித்த ரீச்சர். திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, செய்தி வாசிக்க வாசிக்க எழுதத் தொடங்கினார். சொல்வதெழுதல்! விளங்காத சொல்லுக்கு ஒரு கோடு. ஒவ்வொரு சவுண்ட் பாருக்கும் இரண்டு நிமிடம். அதே செய்தியைத் திரும்பப் போட முயன்ற பெடியனுக்குப் பேச்சு விழுந்தது. "படிச்ச பாடத்தைத் திருப்பிக் கேட்டால் எல்லாரும் நூறுதான் எடுப்பினம். வேற போடுங்கோ."

முதலாவது 2.1, ஒன்பது கோடு. இரண்டாவது கடையிலேயே விலை கூடியது, மேலும் கீழும் ஸ்பீக்கர், ஏழு கோடு. மூன்றாவது ஒரு மூலையில் கிடந்த சாதாரண 3.1, இரண்டு கோடு. அதில் ஒன்று ஏதோ வெளிநாட்டு அமைச்சரின் பெயர். அதை எனக்கும் எழுத வராது. விலை 118,000 ரூபாய். பெடியன் அதற்குள் அம்மாவை "டீச்சர்" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தான். டெலிவரிக்குக் காசு எடுக்கவில்லை.

வீட்டில் பூட்டிய அன்று இரவு அம்மா ஐந்து நிமிடம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கடையில கேட்டது இது இல்லை."

எனக்கு வயிறு கலங்கியது. எழும்பிப் போய்ப் பாரோடு காதை வைத்தேன். இடப் பக்கம் சத்தம், வலப் பக்கம் சத்தம், நடுவில் ஒன்றுமே இல்லை. நடு ஸ்பீக்கருக்காகவே வாங்கிய சாமானில் நடு ஸ்பீக்கர் தூங்குகிறது. விஷயம் இதுதான்: எங்கள் வீட்டில் செய்தியும் சீரியலும் வருவது சாதாரண ஸ்டீரியோவில். சில சவுண்ட் பார்கள் "ஸ்டாண்டர்ட்" என்கிற நிலையில், ஸ்டீரியோ வந்தால் ஸ்டீரியோவாகவே விட்டுவிடும், நடுவைத் தொடாது. கடையில் பெடியன் குரலுக்கான நிலையில் போட்டிருந்திருக்கிறான். ரிமோட்டில் அந்தப் பொத்தானை அழுத்தியதும் குரல் எழும்பி முன்னுக்கு வந்து நின்றது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ரிமோட்டை எடுத்து வொலியூமைக் குறைத்தார்.

அதாவது, குறைக்கப் பார்த்தார். குறையவில்லை. கடையில் கொடுத்துவிட்டது ஓப்டிக்கல் வயர். அதில் சத்தம் மட்டும்தான் போகும், ரிவி ரிமோட்டின் கட்டளை போகாது. ரிவிக்கு ஒன்று, சனல் பெட்டிக்கு ஒன்று, பாருக்கு ஒன்று என்று மூன்று ரிமோட்டை அம்மாவின் மடியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ரிவியின் பின்னால் எச்.டி.எம்.ஐ. துளைகளில் ஒன்றுக்கு மட்டும் பக்கத்தில் ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கும். ரிவியின் சத்தத்தை அந்தத் துளையால் பாருக்கு அனுப்புகிற வசதி இது, 2009 இலேயே வந்தது. ஓப்டிக்கலை விட்டுவிட்டு எச்.டி.எம்.ஐ. வயரை அதில் குத்தி, அமைப்பில் சி.இ.சி. என்பதை இயக்கிவிட்டால் ரிவியை அணைக்கும்போது பாரும் அணையும், ஒரே ரிமோட்டில் சத்தம் கூடும் குறையும். சுவரோடு ஒட்டியிருந்த ரிவிக்குப் பின்னால் கையை விட்டு அந்தத் துளையைத் தேடியதில் என் முழங்கை தோல் உரிந்தது வேறு கதை.

பெரிய மாற்றம் ஒன்று செலவில்லாமல் வந்தது. கடல் பக்கக் கண்ணாடிக் கதவுக்குப் பழைய தடித்த திரைச்சீலையைத் தைத்துப் போட்டேன், அம்மாவின் கதிரைக்கு முன்னால் ஒரு கம்பளம். ஹோலுக்குள் கைதட்டினால் முன்பு வந்த "டிங்" என்கிற எதிரொலி அடங்கிவிட்டது. இதை முதலிலேயே செய்திருந்தால் புறக்கோட்டைக் காசு மிஞ்சியிருக்கும்.

இப்போது வொலியூம் 16. கரையோர ரயில் போகும்போது மட்டும் ஒன்றும் கேட்காது. அதற்கு எந்தக் கடையிலும் மருந்தில்லை. மருதானைப் பக்கம் இருந்து ஒன்று வந்தால் அம்மா வாயசைவைப் பார்த்துக்கொண்டு இருப்பார், போன பிறகு "அவன் என்னவாம்?" என்று கேட்பார்.

சப் வூஃபரைப் பற்றிச் சொல்லவில்லையே. அதற்கு வயர் இல்லை, ஆனால் கரண்டுக்குத் தனிப் பிளக் வேண்டும். எங்கள் வீடு பழையது, ஹோலில் சதுரக் கால் பிளக் போகிற துளை இரண்டுதான், மற்றதெல்லாம் உருண்டைக் கால். போன மாதம் நுளம்பு கூடிவிட்டது என்று அம்மா சப்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நுளம்பு மெஷினைக் குத்தியிருக்கிறார். மகன் கண்டுபிடித்து என்னிடம் முறைப்பாட்டோடு வந்தபோது பதினாறு நாள் ஆகியிருந்தது.