அப்பாவின் அம்பாசிடருக்குப் புதுக் கண்ணாடி
லாரி டயரில் தெறித்த கல் பட்டு விரிசல் விட்ட முன்கண்ணாடியை இன்று நானும் தம்பியும் வீட்டு வாசலிலேயே மாற்றிவிட்டோம். கண்ணாடியைச் சுற்றிப் பிடித்திருக்கும் பழைய ரப்பர் பட்டை, அதாவது பீடிங், காய்ந்து இறுகியிருந்தது. கத்தியால் அறுத்தே எடுத்தோம். புது பீடிங்கைக் கண்ணாடியில் மாட்டி, பீடிங்கின் பள்ளத்தில் நைலான் கயிற்றை ஓடவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவினோம். தம்பி வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, நான் உள்ளே உட்கார்ந்து கயிற்றை மெதுவாக இழுத்தேன். ரப்பர் விளிம்பு அங்குலம் அங்குலமாகத் தகரத்தின் மேல் ஏறி உட்கார்ந்ததைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்!

இப்போதைய கார்களில் இப்படிச் செய்யாதீர்கள். கண்ணாடியை யூரித்தேன் பசையால் ஒட்டியிருப்பார்கள். வண்டியின் பலத்தில் அதற்கும் பங்குண்டு.

மாலையில் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடித்துப் பார்த்தோம். உள்ளே ஒரு சொட்டு இல்லை. அப்பா சாவிக்குக் கையை நீட்டினார்.