அளக்காத மழை

விஞ்ஞானகூடத்துக்குப் பின்னால், வேலியோரம், முள்ளுக்கம்பி அடைத்த ஒரு சின்னச் சதுரம் இருந்தது. என் காலத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதற்குள்தான் யாழ்ப்பாணத்தில் நம் கல்லூரியின் மழைமானி நின்றது. ஆறாம் வகுப்பிலிருந்து மூன்று வருடம் அதை வாசிப்பது என் பொறுப்பு.

காலை எட்டரை மணிக்குப் புனலைக் கழற்றி, உள்ளிருக்கும் போத்தலை எடுத்து, தண்ணீரை அளவுச்சாடியில் ஊற்றவேண்டும். சாடியைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, நீர் நடுவில் குழிந்து நிற்கிற இடத்தைப் பார்க்கவேண்டும். கண்ணாடியை ஒட்டி ஏறி நிற்கும் ஓரத்தைப் பார்த்து எண் சொன்னால் புவியியல் சேர் திருப்பி அனுப்பிவிடுவார். சோளகம் வீசும் மாதங்களில் வாரக்கணக்காகப் பூச்சியம்தான். அந்தப் பூச்சியத்தையும் ஒவ்வொரு நாளும் எழுதவேண்டும். ஐப்பசியில் வாடை திரும்பி மழை இறங்கினால் போத்தல் நிரம்பி, வெளிப் பாத்திரத்திலும் தண்ணீர் நிற்கும். அன்று வகுப்புக்குப் பிந்திப் போனாலும் ஒருவரும் ஏச மாட்டார்கள்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி வந்தபோது பள்ளி விடுமுறை. விடுமுறை நாட்களை வெறுமையாக விடுவதுதான் வழக்கம். அந்தப் பெரும்புயலை வெறுமையாக விட எனக்கு மனம் வரவில்லை. தை மாதம் திரும்பி வந்து, 23ஆம் திகதிக்கு நேரே 'ஐந்து அங்குலம்' என்று எழுதிவிட்டேன். சேர் கொப்பியைப் பார்த்தார். அழிறப்பரை எடுத்து அவரே அழித்தார். "அளக்காத மழையை எழுதாதே, தம்பி" என்றார். அவ்வளவுதான். அடிக்கவில்லை, வகுப்பில் சொல்லிக் காட்டவும் இல்லை.

1987இல் வேலை கிடைத்து மொரீஷியசுக்கு வந்தேன். தீவின் நடுமேட்டில், கியூர்பிப்பில் வீடு. ஏறக்குறைய 550 மீட்டர் உயரம். தென்கிழக்கிலிருந்து வரும் வியாபாரக் காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து இந்த மேட்டில் ஏறும்போது குளிர்ந்து தூறலாகக் கொட்டிவிடுகிறது. அப்புறம் மேற்குச் சரிவில் வெறுங்காற்றாக இறங்குகிறது. அதனால் மேட்டில் வருடத்துக்கு 4000 மில்லிமீட்டர் வரை மழை. மேற்குக் கரையில் 1000கூட எட்டாது. காலையில் கம்பளிச் சட்டையும் குடையுமாக பஸ் ஏறுவேன். இருபது கிலோமீட்டர் தள்ளி போர்ட் லூயியில் இறங்கும்போது சட்டை முதுகில் ஒட்டியிருக்கும். யாழ்ப்பாணத்தில் பருவம் மாற மாதங்கள் காத்திருந்தவனுக்கு, இங்கே அது ஒரு பஸ் பயணத்தில் மாறியது.

பூமியின் தென்பாதி என்பதால் மாதங்களும் தலைகீழ். மார்கழியில் வியர்த்துக் கொட்டும். மயிற்கொன்றை நத்தாருக்குச் சிவந்து பூக்கும், மாம்பழமும் அப்போதுதான். கரும்பு வெட்டு ஜூனில் தொடங்கி டிசம்பரோடு முடிந்துவிடுவதால் தைப்பொங்கலன்று வயலில் நிற்பது பச்சைத் தோகை. தைப்பூசமோ கொளுத்தும் கோடையில். காத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலையடி முருகன் கோயிலுக்குக் காவடிகள் போகும்போது, தார் ரோட்டில் வெறுங்கால் வைக்க முடியாதென்று வழிநெடுக வீட்டுக்காரர்கள் குழாய் பிடித்துத் தண்ணீர் விடுவார்கள். நான் முதல் வருடம் அந்த ஈர ரோட்டில் நடந்தேன். நல்லூரில் மணல் வீதியில் நடந்த கால்கள்தான்.

பக்கத்து வீட்டில் ஒரு தமிழ் வாத்தியார் இருக்கிறார். ஐந்து தலைமுறைக்கு முன் வந்த குடும்பம். வீட்டில் கிரியோல்தான் பேச்சு, தமிழை மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் படித்து மீட்டுக்கொண்டவர். "அண்ணா, ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இங்கே காற்று தை, மாசியில் அல்லவா பறக்க வைக்கிறது?" என்று ஒருநாள் கேட்டார். சரியான கேள்வி. ஆனால் ஒன்று சொல்லவேண்டும், ஆடிக்கூழுக்கு இந்த ஊர்தான் பொருத்தம். ஜூலை நடுவில், இரவு பதினாறு பாகைக்கும் கீழே இறங்குகிற குளிரில், தேங்காய்ப்பாலும் வறுத்த பயறும் போட்ட கூழைச் சுடச்சுடக் குடிப்பதற்கு ஈடில்லை. பனங்கட்டிக்குப் பதில் இங்கத்தைய கறுத்தச் சீனி. வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள் 'தோந்தோன் (கிரியோலில் மாமா), கூழ் எப்போது?' என்று ஜூன் மாதமே கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

முற்றத்தில் ஒரு மழைமானி வைத்தேன். காலையில் அதை வாசித்து ஒரு கொப்பியில் எழுதிய பிறகுதான் தேநீர்.

1994 பெப்ரவரி 10ஆம் திகதி ஹொலண்டா சூறாவளி. இங்கே நாலு வகுப்பு எச்சரிக்கை உண்டு. மூன்றாவது வந்தால் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்துவிடுவார்கள். மணிக்கு 216 கிலோமீட்டர் வரை காற்று வீசியது. தகரங்கள் கிழிந்து போகிற சத்தத்தில் வீட்டில் நாங்கள் நடு அறையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். எனக்குச் சேர் கரும்பலகையில் கீறிய படம்தான் கண்ணில் நின்றது: "காற்றுக்கு முதுகைக் காட்டி நில். தாழமுக்கம் உன் இடக்கைப் பக்கம்." அது பூமியின் வடபாதிக்கு. இங்கே சூறாவளி மணிக்கூட்டு முள்ளின் போக்கில் சுழல்கிறது, தாழமுக்கம் வலக்கைப் பக்கம். மின்சாரம் வர நாளெடுத்தது. மெழுகுதிரி வெளிச்சத்தில் அதையெல்லாம் எழுதி, படமும் கீறிச் சேருக்கு ஒரு கடிதம் போட்டேன். அவர் ஊரில்தான் இருந்தார். போர்க்காலம், கடிதம் போய்ச் சேருமா என்றே நிச்சயமில்லை.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. அதே சாய்ந்த கையெழுத்து. ஊரில் என்ன நடக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. என் படத்தில் அம்புக்குறி ஒன்று பிழை என்று திருத்தியிருந்தார். கடைசியில், "மழை எத்தனை மில்லிமீட்டர்? அதை எழுதவில்லையே" என்று கேட்டிருந்தார்.

காற்றுக்குப் பறந்துவிடும் என்று பயந்து நான் முதல்நாளே மழைமானியை வீட்டுக்குள் எடுத்து வைத்திருந்தேன். வானொலியில் சொன்ன எண் ஒன்று இருந்தது, ஆனால் அது வேறு இடத்து மழை. 'அளக்கவில்லை, சேர்' என்று எழுதி அனுப்பினேன்.

அந்தக் கொப்பி இப்போதும் என் மேசையில் இருக்கிறது. 1994 பெப்ரவரிப் பக்கத்தில் மூன்று நாட்களுக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.