சுருக்கச் சொன்னதும் மாற்றச் சொன்னதும்

ட்ரீம் தியேட்டர் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'ஃபாலிங் இன்டு இன்ஃபினிட்டி' ஆல்பம் 1997 செப்டம்பரில் வெளிவந்தது. அந்தக் குழுவின் ரசிகர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பலரும் "அது கம்பெனிக்காகப் போட்ட ஆல்பம்" என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அப்படி நகர முடியவில்லை. விளம்பரப் படங்களும் ஆவணப் படங்களும் எடிட் செய்வது என் வேலை. ஒருவர் உருவாக்கியதில் வெளியாள் கை வைக்கும்போது எது தேறும், எது கெடும் என்பது இந்த ஆல்பத்தில் பாட்டுக்குப் பாட்டு தெரிகிறது. அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

1985இல் பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஜான் பெட்ரூச்சி, ஜான் மியுங், மைக் போர்ட்னாய் மூவரும் தொடங்கிய குழு இது. இவர்களை ஒப்பந்தம் செய்த அட்கோ இசைத்தட்டு நிறுவனத்துக்கு அப்போது தலைவராக இருந்தவர் டெரெக் ஷுல்மன். எழுபதுகளில் ஜென்டில் ஜெயன்ட் என்ற புராக்ரெசிவ் ராக் குழுவில் பாடியவர். தாளம் மாறிக்கொண்டே போகும் நீண்ட பாட்டுகளை எதற்காக ஒருவர் எழுதுகிறார் என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1992இல் வந்த 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' ஆல்பத்தில் எட்டு நிமிடத்துக்கும் மேல் ஓடும் 'புல் மி அண்டர்' வானொலியிலும் எம்டிவியிலும் ஓடியது. அது யாரும் எதிர்பாராத வெற்றி. பிற்பாடு வந்த சிக்கலுக்கு வித்தும் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஐந்து ஆண்டுகளுக்குள் நிறுவனத்தில் நாற்காலிகள் மாறிவிட்டன. அட்கோ போய் ஈஸ்ட்வெஸ்ட் வந்திருந்தது. புதிதாக வந்தவர்கள் கேட்டது வானொலியில் ஓடக்கூடிய இன்னொரு பாட்டு. குழுவின் கையிலோ இரண்டு சிடிகளை நிரப்பும் அளவுக்குப் பாட்டுகள் இருந்தன. இரட்டை ஆல்பம் வேண்டாம் என்று நிறுவனம் மறுத்துவிட்டது.

அலுவலகத்தில் நாள்பட்டவர்களுக்கு இது பழகிய கதை. நம்மை நம்பி வேலை கொடுத்தவர் வேறு இடத்துக்குப் போய்விடுவார். அவர் இடத்துக்கு வருகிறவர் கெட்டவர் இல்லை. ஆனால் நம்மை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது, எழுதிவைத்த ஆவணத்திலும் இருக்காது. மேலே இருப்பவருக்குக் கணக்குக் காட்ட வேண்டிய கவலைதான் அவருக்கு முதலில் இருக்கும்.

ஆல்பத்துக்கு வருவோம். தயாரிப்பாளராக வந்தவர் கெவின் ஷர்லி. நியூயார்க்கின் அவதார் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு நடந்தது. 'பர்னிங் மை சோல்' முதலில் இன்னும் நீளமாக இருந்த பாட்டு. அதன் நடுப்பகுதியைப் பிரித்து எடுத்ததும் அது 'ஹெல்ஸ் கிச்சன்' என்ற தனி இசைத்துண்டாக நின்றது. நாலு நிமிடம்தான், பாடல் வரிகளே கிடையாது. கிட்டார் அவசரமில்லாமல் ஏறி ஏறிப் போய், அடுத்து வரும் 'லைன்ஸ் இன் த சேண்ட்' பாட்டோடு கலந்துவிடுகிறது. மொத்த ஆல்பத்திலும் எனக்கு மிகப் பிடித்த இடம் அது. கோபமான ஒரு பாட்டுக்குள் சிக்கியிருந்தபோது அதற்கு மூச்சுவிட இடம் இருந்திருக்காது.

'யூ ஆர் மி' என்ற பாட்டுக்கு நடந்தது வேறு. பான் ஜோவி, ஏரோஸ்மித் போன்ற ராக் குழுக்களுக்குப் பெரிய வெற்றிப் பாட்டுகளை எழுதித் தந்த டெஸ்மண்ட் சைல்டோடு பெட்ரூச்சியை உட்காரவைத்தார்கள். பாட்டு திருத்தி எழுதப்பட்டது, திரும்பத் திரும்ப வரும் கோரஸ் பகுதி மாறியது, தலைப்பும் 'யூ நாட் மி' ஆனது. டெஸ்மண்ட் சைல்ட் தன் தொழிலில் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தக் கோரஸ் வரும்போதெல்லாம் வேறு யாரோ நடுவில் வந்து பாடிவிட்டுப் போவது போல இருக்கிறது.

சுருக்கச் சொல்வதும் ஆளையே மாற்றச் சொல்வதும் ஒன்றல்ல என்பதை நான் இந்த இரண்டு பாட்டுகளை வைத்துத்தான் தெளிவாகப் புரிந்துகொண்டேன். கைத்தறி நெசவு பற்றிய ஆவணப் படம் ஒன்றை எடிட் செய்துகொண்டிருந்தோம். பாதியாகக் குறைக்கச் சொல்லி கரெக்ஷன் வந்தது. முனகிக்கொண்டேதான் குறைத்தோம். பாவு ஓட்டும் காட்சியில் பின்னணி இசையை எடுத்துவிட்டோம், பேட்டிகளை இறுக்கினோம். படம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அப்புறம் இன்னொரு கரெக்ஷன்: நெசவாளர் அம்மாவின் பேச்சு எல்லாருக்கும் புரியாது, அதன்மேல் அறிவிப்பாளர் குரலைப் போடுங்கள் என்றார்கள். போட்டோம். ஒரு பிரேமைக்கூட வெட்டவில்லை, ஆனாலும் படம் அந்த அம்மாவுடையதாக இல்லாமல் போய்விட்டது. இப்போதெல்லாம் எந்தக் கரெக்ஷன் வந்தாலும் இந்த இரண்டில் எது என்று பார்த்துவிட்டுத்தான் சண்டை போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறேன்.

போர்ட்னாய் தன் கசப்பை ஆல்பத்துக்குள்ளேயே வைத்தார். 'ஜஸ்ட் லெட் மி பிரீத்' இசை வியாபாரத்தைப் பற்றி அவர் எழுதிய பாட்டு. ஆல்பத்தில் சேராமல் போன டெமோக்களில், அதாவது முன்னோட்டமாகச் செய்த ஒலிப்பதிவுகளில், இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒன்றும் இருந்தது, 1992 ஆல்பத்தில் வந்த 'மெட்ரோபோலிஸ்' பாட்டின் இரண்டாம் பகுதியாக எழுதியது. அடுத்த ஆல்பத்தை போர்ட்னாயும் பெட்ரூச்சியும் தாங்களே தயாரித்தார்கள். அந்த டெமோதான் விரிந்து 1999இல் 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி' என்ற முழு ஆல்பமானது. குழுவின் உச்சம் எது என்று கேட்டால் பலரும் அதைத்தான் காட்டுவார்கள். 1997இல் இரட்டை ஆல்பத்துக்கு அனுமதி கிடைத்திருந்தால், அது இருபது நிமிடப் பாட்டாகவே முடிந்துபோயிருக்கவும் கூடும்.

2007இல் அந்தக் கால டெமோக்களைக் குழுவே வெளியிட்டது. டெமோக்களையும் 1997 ஆல்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால், என் தீர்ப்பு இதுதான்: 'யூ நாட் மி'யை எடுத்துவிட்டு, ஒதுக்கப்பட்ட 'ரெய்ஸ் த நைஃப்' பாட்டை உள்ளே கொண்டுவந்திருக்க வேண்டும். 'ஹெல்ஸ் கிச்சன்' தனியாகவே இருக்கட்டும்.